படிக்க மட்டும்

கொண்டகாவ் பக்கம், சத்தீஸ்கர்
18 நவம்பர் 2024

அமுதவல்லி அவர்களுக்கு,

வணக்கம். நான் சிவபிரகாஷ். ஆடியில் நீங்களும் ரஞ்சனி மேடமும் நாமக்கல்லிலிருந்து எங்கள் திருச்செங்கோடு ஆபீசுக்கு வந்தபோது, பட்டறையில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியைச் சுற்றிக் காட்டியவன். பாறையை உடைக்கிற ஹேமரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்டதும், கையெல்லாம் கிரீஸ் ஆனதும், துடைக்க நான் கொடுத்த துணியில் அதைவிட அதிகம் கிரீஸ் இருந்ததும் ஞாபகம் இருக்கும்.

நேற்று மாதையன் அண்ணன் ஸ்பேர் லாரியோடு வந்தார். இறங்கியும் இறங்காமலும், "ஏன்டா சிவா, வேலைக்குப் போட்டா வேலையப் பாப்பியா, மழையப் பத்தி வெசாரிப்பியா? ஆபீசே டிவியில உன்னப் படிச்சுச் சிரிக்குது" என்றார். முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு போரையும் கம்பெனியின் வேலைச் செயலியில் ஏற்றுவது என் பொறுப்பு என்று உங்களுக்கே தெரியும். ஊர், ஆழம், எத்தனை அடி கேசிங் பைப், முடிந்ததா இல்லையா. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். மூன்று வருசமாக அதில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். டீத்தூள் தீர்ந்துவிட்டது என்றுகூட எழுதினேன். ஒருத்தரும் கேட்டதில்லை. பாறையிடம் பேசுகிற மாதிரிதான் என்று நினைத்து, உங்கள் ஊர் மழையையும் அன்று நீங்கள் கொண்டுவந்த பச்சைக் குடையையும் அதில் எழுதிவிட்டேன்.

மேலே எழுதினது பாதி பொய். அந்தச் செயலியில் இருப்பதையெல்லாம் எடுத்து ஒரே பக்கத்தில் காட்டுவதுதான் உங்கள் வேலை என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒருத்தராவது படிப்பீர்கள் என்றுதான் எழுதினேன். டிவியில் வரும் என்று நினைக்கவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே டவர் கிடையாது. டவுனுக்குப் போனால்தான் போனில் ஏற்றினது போய்ச் சேரும். அங்கிருந்து கூப்பிட உங்கள் நம்பர் இருக்கிறது, தைரியம் இல்லை. மாதையன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் பிரித்துப் படிக்க மாட்டார். பிரிக்காமலே தெரிந்துகொள்கிற ஆள்.

சிவபிரகாஷ்


எருமப்பட்டி
1 டிசம்பர் 2024

சிவபிரகாஷ் சார்,

கடிதம் கிடைத்தது. மாதையன் அண்ணன் எங்கள் ஆபீஸ் வாசலில் லாரியை நிறுத்தி, "அமுதவல்லிங்கறது யாரு சாமி? பார்சல் வந்துருக்குது" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். பார்சலைப் பிரித்தால் காலி ஆயில் பில்டர் டப்பா, உள்ளே கடிதம். இனி அனுப்பினால் ரஞ்சனியக்கா பெயருக்கு அனுப்புங்கள். இல்லை, இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அன்று நடந்ததை உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் ஓனர் மாதேஸ்வரன் ஐயாவின் அறையில் டிவியை மாட்டி, எங்கள் பக்கத்தை முதன்முறையாகத் திறந்தோம். எல்லா வண்டிகளும் வரிசையாக வந்தன. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகச் சத்தமாகப் படித்தார். "ஏழாம் நம்பர் வண்டி. நானூறு அடியில தண்ணி. குறிப்பு... இங்கே நல்ல மழை. எருமப்பட்டியிலும் பெய்யுதுங்களா? பச்சைக் குடை பத்திரம்."

அந்த அறையில் எருமப்பட்டிக்காரி நான் ஒருத்திதான். குடை கதவோரம் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் முதலில் குடையைப் பார்த்தார்கள், பிறகு என்னை. "கொடைக்கு ஒண்ணும் ஆவலைன்னு பதில் போட்டுரு கண்ணு" என்றார் ஐயா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு அடங்க நேரமானது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலைக்கு அனுப்பும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "நாலு பேரு பேசற மாதிரி வெச்சுக்காத சாமி." அன்று சாயங்காலமே குறிப்புப் பத்தியைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். இனி நீங்கள் என்ன எழுதினாலும் டிவியில் வராது.

போனும் செய்யாதீர்கள். எங்கள் வீடு ஒரே அறை. ஆபீசிலும் அப்படித்தான். அதோடு எனக்குப் போனில் பேச வராது. எதிர்முனையில் இருப்பவர் "கேக்குதுங்களா, கேக்குதுங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முதலில் உங்கள் குறிப்புகள் எனக்கு எழுத்தாக வரவில்லை. தமிழைத் தமிழாகவே கொண்டுவா என்று இணைப்பில் சொல்ல மறந்திருந்தேன். எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி வீதம் வரிவரியாக வந்தது. அந்த ஏழாம் நம்பர் வண்டிக்காரர் மட்டும் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார் என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு சரிசெய்தேன். முதலில் திறந்த குறிப்பு டீத்தூள்.

டீத்தூள் வந்து சேர்ந்ததா?

அமுதவல்லி


கொண்டகாவ் பக்கம்
20 டிசம்பர் 2024

அமுதவல்லி அவர்களுக்கு,

இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதினீர்கள். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. டீத்தூள் வந்தது. பழைய டீத்தூள் அல்ல, அதற்குப் பிறகு இரண்டு முறை தீர்ந்து வந்தது.

கேள்விக்குறியாக வந்ததைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நான் எழுதினது பூராவும் கேள்விதானே.

குறிப்பில் இப்போது 'முடிந்தது' என்று மட்டும் போடுகிறேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

இங்கே குளிர். காலையில் கம்ப்ரசர் இருமிக்கொண்டே கிளம்புகிறது, எங்களை மாதிரி. வேலையாட்கள் எல்லாரும் இந்தப் பக்கத்து ஆட்கள். நல்லவர்கள். ஆனால் தமிழ் பேசவேண்டுமென்றால் மாதையன் அண்ணன் வரவேண்டும். வந்தாலும் அவர் பேசுவது மேச்சேரி ஆட்டு விலை. வெற்றிலை வாடை பிடித்து வளர்ந்தவன் நான். நாமக்கல் பக்கத்து வேலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கொடிக்கால். ஈரமான அந்த வாடைகூட அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. ஒரு சொல்தான் வருகிறது.

எங்கள் அம்மா அப்பாவை ஒரு நாளும் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. "ஏனுங்க." அவ்வளவுதான். கோபம் என்றால் வெட்டினாற்போல் நிற்கும். சோறு ஆறுகிறது என்றால் நீளும். பஸ்ஸில் கண்டக்டரையும் அதே சொல்லால்தான் கூப்பிடுவார், ஆனால் அப்பாவுக்கு அது வேறு. கூட்டத்தில் நூறு 'ஏனுங்க' கேட்டாலும் அப்பா அந்த ஒன்றுக்கு மட்டும் திரும்புவார். இங்கே வந்ததிலிருந்து அந்தச் சொல் காதில் விழவில்லை.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. குறிப்புக் கட்டம் போய்விட்டதால் இருக்கும்.

சிவபிரகாஷ்


எருமப்பட்டி
19 ஜனவரி 2025

சிவபிரகாஷ் சார்,

பொங்கல் முடிந்தது. அம்மாவுக்கு அடுத்த நாளே வெங்காயக் காட்டில் வேலை வந்துவிட்டது. தம்பிக்கும் எனக்கும் கரும்பு மிச்சம்.

உங்களைச் சிரிக்கவைக்க ஒரு செய்தி. உங்கள் கம்பெனிச் செயலிக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன மென்பொருள் உண்டு. அங்கே கிடப்பதை அட்டவணைபோல ஆக்கி, நாங்கள் கேட்கிறபடி கொண்டுவந்து கொடுக்கும். அதற்குப் பெயர் டிரைவர். சோதனைக் காலம் முடிந்ததால், "ஐயா, டிரைவருக்கு லைசென்ஸ் வாங்கணுங்க" என்று மாதேஸ்வரன் ஐயாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "லைசென்சு இல்லாதவன எவன் வண்டியேத்துனது? எந்த வண்டி? இத்தன நாளா ஓட்டிட்டா இருந்தான்?" நான் வாயைத் திறப்பதற்குள் நான்கு டிரைவர்களைக் கூப்பிட்டு லைசென்சை நீட்டச் சொல்லிவிட்டார். ரஞ்சனியக்கா வந்து விளக்கிய பிறகு, "இந்த டிரைவருக்குப் படி உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும் உடனே கையெழுத்துப் போட்டார்.

இப்போது வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

குறிப்புப் பத்தியை டிவிப் பக்கத்திலிருந்துதான் எடுத்தேன். என் மேசைக் கணினியிலிருந்து எடுக்கவில்லை. காலையில் பஸ் இறங்கி, ஆபீசைப் பெருக்கி முடிப்பதற்குள் வந்து, முதலில் பார்ப்பது அதைத்தான். முடிந்தது. முடிந்தது. முடிந்தது. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் எழுதியதற்கெல்லாம் ஏன் அங்கேயே பதில் எழுதவில்லை என்று ஒருநாள் கேட்பீர்கள். எங்களுக்குக் கொடுத்திருக்கிற இணைப்பு படிக்க மட்டும். எதையும் மாற்ற முடியாது, ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. பாதுகாப்புக்காக அப்படி. நான் அங்கே உங்களைப் படிக்கலாம், அவ்வளவுதான்.

அமுதவல்லி


கொண்டகாவ் பக்கம்
9 பிப்ரவரி 2025

அமுதவல்லி,

'அவர்களுக்கு' என்று எழுத வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ராடு அடுக்கின மேட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். மாதையன் அண்ணன், "என்ன, லாட்டரி உழுந்துதா?" என்றார். ஆமாங்க என்றேன். "அப்ப டீ நீதான்" என்றார்.

அதே லாரியில் ஓனரிடமிருந்தும் செய்தி வந்தது. ஒரு வண்டியைக் கப்பலில் தான்சானியா அனுப்புகிறார்கள். இரண்டு வருசம். என்னை மேனேஜராகப் போகச் சொல்கிறார். மார்ச் பதினைந்துக்குள் பதில் வேண்டும். நான் இல்லையென்றால் இன்னொரு வண்டியில் இருக்கிற காளிதாஸ். போனால் என் நிலைமை உயரும், பொய் சொல்லவில்லை. போன வருசம் கேட்டிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன்.

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன். இரு என்று நீங்கள் சொன்னால் இருக்கிறேன். இங்கே மழை பிடித்துப் போர் வேலை நிற்கும், ஆடிக்கு வண்டியோடு ஊர் வந்து, உங்கள் வீட்டில் வந்து கேட்கிறேன். நீண்ட கடிதம் வேண்டாம். ஒரே ஒரு சொல் போதும். என்ன சொல் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

சிவபிரகாஷ்


எருமப்பட்டி
23 பிப்ரவரி 2025

சிவபிரகாஷ் சார்,

போய் வாருங்கள்.

நல்ல வாய்ப்பு. நாளைக்கு இதை விட்டதற்கு நான் காரணம் என்று யாரும், நீங்களும்தான், நினைக்கக் கூடாது.

நீங்கள் கொடிக்கால் வைத்திருக்கிறவர்கள். எங்கள் அம்மா அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்குகிறவர். உங்கள் வீட்டுக்கு அவர் வந்தால் எங்கே உட்காரச் சொல்வார்கள்? உங்கள் அம்மாவைத் தவறாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன். அம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொல்ல நான்கைந்து முறை வாய் எடுத்தேன். "என்ன சாமி?" என்று நிமிர்ந்து பார்ப்பார். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிடுவேன். ஆயிரம் வரிசையிலிருந்து வேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரிகிறது, வீட்டில் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

என் மேசையிலும் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். இனி படிக்க மாட்டேன். படித்துக்கொண்டே இருந்தால் உங்களைப் போகச் சொன்னதாக ஆகாது.

அங்கே வெயில் அதிகமாம். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அமுதவல்லி


கொண்டகாவ் பக்கம்
5 மார்ச் 2025

அமுதவல்லி,

சரி.

பதினைந்தாம் தேதி ஓனரிடம் சொல்லிவிடுகிறேன்.

வண்டி ஓடவில்லை. ஹேமர் உடைந்துவிட்டது. அவசரம் என்று டவுனுக்குப் போய்க் குறிப்பில் எழுதிவிட்டு வந்தேன். ஓனர் கோவிலுக்குப் போயிருக்கிறார் போல, போன் எடுக்கவில்லை. நாட்கள் ஓடுகின்றன, பதில் இல்லை. அந்தக் கட்டத்தை இப்போது யாரும் படிப்பதில்லை என்பது எழுதும்போது ஞாபகம் வரவில்லை. பழக்கம்.

இங்கே இலுப்பைப் பூ கொட்டுகிறது. விடியும் முன்னால் பெண்கள் கூடையோடு வந்து பொறுக்குகிறார்கள். நாங்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்து அதைப் பார்க்கிறோம். பூ விழுகிற சத்தம் கேட்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. கம்ப்ரசர் ஓடாததால் கேட்கிறது.

அம்மாவை எங்கே உட்காரச் சொல்வார்கள் என்று கேட்டீர்கள். என் பக்கத்தில் என்று எழுதலாம். ஆனால் நான் அங்கே இருக்கவேண்டுமே, அப்படிச் சொல்ல.

சிவபிரகாஷ்


எருமப்பட்டி
16 மார்ச் 2025

ஏனுங்க,

எழுதிவிட்டேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹேமர் இந்த லாரியில்தான் வருகிறது. கடிதம் அதே பெட்டியில். அது ஏன் தாமதமாயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாதையன் அண்ணன் ஊருக்குத் திரும்பியதும், ஏழாம் நம்பர் வண்டி படுத்துக் கிடக்கிற செய்தி ஓனருக்குப் போயிருக்கிறது. என்னையும் ரஞ்சனியக்காவையும் திருச்செங்கோட்டுக்கு வரச் சொன்னார். "ஏம்மா கண்ணு, பையன் குறிப்புல எழுதியிருக்கறான். டிவியில குறிப்பே இல்லியே, எங்க போச்சு?" என்றார். நான்தான் எடுத்தேன் என்றேன். எதற்கு என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. குடையை நினைத்திருப்பார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"திருப்பிப் போடு" என்றார். போட்டேன். உங்கள் ஹேமர் குறிப்பு வந்தது, அதற்கு மேலே அதே அவசரம் இன்னொரு முறை, அதற்கும் மேலே 'யாராவது இருக்கிறீர்களா?' என்று ஒன்று. அதைப் படிக்கும்போது ஐயாவின் குரலே இறங்கிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "சரி சாமி, இப்படி ஒருத்தன் அங்கிருந்து கேட்டா, இங்கிருந்து எப்படிப் பதில் சொல்றது?" என்றார்.

"சொல்ல முடியாதுங்க. இணைப்பு படிக்க மட்டுங்க."

"அதென்ன? அவன் கேட்டுட்டே இருப்பான், நீ படிச்சுட்டே இருப்பியா? வெறும் படிச்சா ஆச்சா? பதில் சொல்ல வேண்டாமா?"

அவர் ஹேமரைப் பற்றித்தான் கேட்டார். எனக்கு வேறு எங்கோ கேட்டது.

எழுதவும் அனுமதிக்கும் சாவியை அங்கேயே தரச் சொன்னார். இணைப்பு வரியில் 'படிக்க மட்டும்' என்ற இடத்தில் 'ஆம்' என்று இருந்ததை 'இல்லை' என்று மாற்றினேன். குறிப்புக்குக் கீழே பதில் எழுத ஒரு கட்டம் வைத்தேன். முதல் பதிலை ஐயா சொல்லச் சொல்ல ரஞ்சனியக்கா அடித்தார்: ஹேமர் ஞாயிற்றுக்கிழமை லாரியில் கிளம்புகிறது. பிறகு, "நீயும் ஒண்ணு போட்டுப் பாரு, போவுதான்னு" என்று என்னிடம் சொன்னார் அக்கா. சோதனைக்கு எதையாவது எழுதுவதுதான் வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவோம்.

நான் உங்கள் வரிசையில் அந்த ஒரு சொல்லை எழுதினேன்.

டிவியில் வந்தது. ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "ஏனுங்க... அட, ஆரைம்மா கூப்புடற? என்னையா?"

அறையில் எல்லாரும் இருந்தார்கள். அன்று சிரித்த அதே ஆட்கள். என் குடைகூட அதே கதவோரம்தான் இருந்தது. "இல்லீங்க, அவரத்தானுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. மாதையன் அண்ணன் மட்டும், "எனக்கு ஒரு டீ வரணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார். உங்கள் பெயர், ஊர், கொடிக்கால், உங்கள் வீட்டில் அம்மாவை எங்கே உட்காரவைப்பார்களோ என்ற பயம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அவிங்க ஊட்டுல ஒக்கார வெச்சா ஒக்காருவேன். இல்லீன்னா நின்னுட்டே பேசிக்குவேன். காட்டுல நிக்காத காலா இது? நீ இத்தன நாளா வாயத் தொறக்காம இருந்த பாரு, அதுதான் எனக்கு வலிக்குது" என்றார். பிறகு, "பையன் வெத்தல போடுவானா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அதைக்கூடக் கேட்கவில்லையா என்று அதற்கும் திட்டு.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசைத் திறந்ததும் பார்த்தேன். என் சொல்லுக்குக் கீழே உங்கள் சொல் வந்திருந்தது.

'வாரேன்.'

நீங்கள் எந்த மனதோடு எழுதினீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் வருகிறவரும் வாரேன் என்பார், கிளம்புகிறவரும் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். போய் வாருங்கள் என்று எழுதியவளே நான்தான். அதற்கான வாரேனோ என்று நினைத்துவிட்டேன். அன்று பூராவும் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ரஞ்சனியக்கா டிபன் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தார், சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

நேற்று ஐயா எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தார். மேசைப் போனை எடுத்தது நான். "கண்ணு, நீ அந்தப் பையனுக்கு என்னத்தப் போட்ட? தான்சானியாவுக்கு மாட்டேங்கறான். மானங்கெட்டவன், சிரிச்சுக்கிட்டே மாட்டேங்கறான். இப்ப காளிதாசுக்கு நான் பாஸ்போர்ட்டு பாக்கோணும்" என்றார். அவர் திட்டத் திட்ட, நான் போனில், "ஆமாங்க, ஆமாங்க" என்று பேசிக்கொண்டே இருந்தேன். எனக்குப் போனில் பேச வருகிறது.

ஆடிக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. மழை எப்போது பிடிக்கும் என்று இப்போதே மேலே பார்க்கிறேன், வானம் சுத்தமாக இருக்கிறது. குறிப்பில் ஒன்றும் எழுதிவிடாதீர்கள், அந்தப் பத்தி மறுபடி டிவியில் ஓடுகிறது. அல்லது எழுதுங்கள். படிக்கட்டும்.

பச்சைக் குடையில் ஒரு கம்பி உடைந்திருக்கிறது. மாற்றி வைக்கிறேன். இரண்டு பேருக்கு அது போதாது. பரவாயில்லை, நனைந்துகொள்ளலாம்.

அமுதவல்லி